பொருந்தாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகாதவர்

வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் காலைப் பேருந்தில் நடத்துநர்தான் சொன்னார். "ரீச்சர், உங்களுக்குத் தெரியாதே? கொம்பியூட்டர் யசிந்தா ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டாவாம். கோயில் மணி அடிச்சவை."

தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு நாட்களுக்கு முன்னர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் யசிந்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் நடத்துநரின் வாயிலிருந்து வந்தபோது முதல்முறை கேட்பது போலத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் மடியிலிருந்து சரிந்த பையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதம் அது. வன்னியில் போருக்குள் சிக்கியிருந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது வராதா என்று தீவுகளில் வீட்டுக்கு வீடு காத்திருந்த நேரம். செத்தவீட்டுக்குப் போனவர்கள்கூட உரத்து அழாமல் திரும்பினார்கள். யசிந்தாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பயிற்சி அறையில் படித்து, இன்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக.

போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில், ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அருகே பங்குக் கோயில் விட்டுத் தந்த ஓர் அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை தொடங்கினோம். நான் வேலணைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். தமிழ்த் தட்டெழுத்தும் அலுவலக வேலைகளும் சொல்லிக்கொடுப்பேன். அவர் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் கணினி வன்பொருள் படித்துவிட்டு, அங்கேயே இருக்கலாம் என்று எல்லாரும் சொல்லியும் கேளாமல் ஊருக்குத் திரும்பியவர். கழற்றுவது, பூட்டுவது, திருத்துவது எல்லாம் அவர் பக்கம். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. சாகும்வரை ஒருவரை ஒருவர் 'நீர்' என்றுதான் அழைத்தோம்.

அவருடைய கோபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருமுறை ஒரு மாணவன் தன் மடிக்கணினி வேகமாக ஓட வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் நினைவகத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். மேசைக் கணினிக்குரிய நீளமான துண்டு அது. யசிந்தா அதை வாங்கிப் பார்க்கவேயில்லை. "வள்ளத்தின்ரை அளவு பாராமல் எஞ்சின் வாங்குவினமோ?" என்று கேட்டார். பிறகு எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, மடிக்கணினியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மாதிரி எண்ணை வாசிக்கச் சொன்னார். மூடியைக் கழற்றி, உள்ளே ஏற்கெனவே இருந்த துண்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, எத்தனை இடம் உண்டு, அந்தப் பலகை ஆகக்கூடியது எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் பார்க்க வைத்தார். "இதெல்லாம் பார்த்த பிறகுதான் கடைப்பக்கம் போகோணும். கடைக்காரன் உம்மடை லப்டொப்பைக் கண்டவனோ?"

இரண்டாயிரத்து ஆறில் போர் மீண்டும் தொடங்க, தெற்கே போகும் தரைப்பாதை மூடப்பட்டது. பிறகு எந்தப் பொருளுக்கும் கப்பலைப் பார்த்திருக்க வேண்டும். பிழையான துண்டு ஒன்றை வாங்கினால் மாற்றி எடுக்க மாதக் கணக்காகும், அல்லது எடுக்கவே முடியாது. யசிந்தாவின் கண்டிப்பு வெறும் கண்டிப்பு அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அடுத்த ஆண்டில் எழுவைதீவிலிருந்து திரேசம்மா வந்தார். கூட மகள் மெற்றில்டா. திரேசம்மாவின் மகன் அன்ரன், யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலை சோதனை எழுதப் போய் வீடு திரும்பவில்லை. போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. அவன் விட்டுப்போனது கனடாவிலிருந்த மாமன் முன்பு கொடுத்த ஒரு மடிக்கணினி. அப்படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இராணுவக் காவலரண்களைத் தாண்டுவதே பயம். உடுப்புகளுக்கு அடியில், பனையோலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

அது ஓட மறுத்து மறுத்து ஓடியது. அதை நன்றாக்கி மெற்றில்டா படிக்கட்டும் என்று மாமன் புதிய வன்தட்டு ஒன்றும் நினைவகத் துண்டு ஒன்றும் வானூர்தியில் வந்த ஒருவரிடம் அனுப்பியிருந்தார். திரேசம்மாவுக்குப் படிப்பு இரண்டாம் பட்சம். இடம்பெயர்ந்து திரிந்ததில் வீட்டுப் படங்கள் எல்லாம் அழிந்துபோயின. மகன் எடுத்த படங்கள் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

யசிந்தா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு கதிரையைத் திரேசம்மாவுக்கு அருகே இழுத்துப் போட்டு அதில் அமர்ந்தார்.

"அம்மா, முதல் கெட்டதைச் சொல்லுறன். இந்தப் பழைய டிஸ்க் சாகப்போகுது. டிக் டிக் எண்டு கேக்குதெல்லே? இனி இதைச் சும்மா சும்மா போட்டுப் பாராதேங்கோ."

"அதுக்குத்தானே பிள்ளை தம்பி புதுசு அனுப்பினவன். நல்லதாம். பெரிசாம்."

"நல்லதுதான். ஆனா இதுக்குப் பொருந்தாது."

பழைய தட்டின் வாயில் ஊசி ஊசியாக இரண்டு வரிசை இருப்பதைக் காட்டினார். புதியதில் ஊசியே இல்லை. தட்டையான பித்தளைப் பட்டிகள். நினைவகத் துண்டும் அப்படித்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்டுப் பள்ளம் ஒரு நூலளவு தள்ளி இருந்தது. மின்னழுத்தமும் வேறு.

மெற்றில்டாவுக்குக் கோபம். "மாமா கடையிலை கேட்டுத்தானே வாங்கினவர்?"

"என்னெண்டு கேட்டவர்? இந்த லப்டொப்பின்ரை நம்பரைச் சொல்லிக் கேட்டவரோ?"

 தாய்தான் பேசினார். யாழ்ப்பாண டவுனில் ஒருவர் எதையும் போட்டுத் தருவாராம், அவரிடம் காட்டப் போகிறோம் என்றார். யசிந்தா தடுக்கவில்லை. "காட்டுங்கோ. பழைய டிஸ்க்கை மட்டும் என்னட்டை வைச்சிட்டுப் போங்கோ. பொருந்திற சாமான் கிடைக்குமட்டும் அது ஓடாமல் இருக்கட்டும்."

"அவன்ரை சாமானைப் பிரிச்சு வைக்க ஏலாது பிள்ளை," என்றார் திரேசம்மா. அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது?

அடுத்த கிழமை திரும்பி வந்தார்கள். டவுன்காரர் புதிய நினைவகத் துண்டை அமுக்கி ஏற்றியிருக்கிறார். மின்சாரம் கொடுத்ததும் புகை வந்ததாம். பலகை கருகியிருந்தது. புதிய வன்தட்டு உள்ளே போகாததால் அதைப் பையில் போட்டுத் தந்திருந்தார். பழையது மட்டும் தன் இடத்திலேயே இருந்தது. மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். 'சொன்னனான்தானே' என்ற சொல்லுக்காக அவள் காத்து நின்றது எனக்குத் தெரிந்தது. யசிந்தா அதைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

தன் சொந்த மடிக்கணினியை எடுத்துக் கவிழ்த்தார். ஊரார் யாரோ கொண்டுவந்ததைப் பார்ப்பது போல அதன் மாதிரி எண்ணையும் வாசித்தார். தன் வன்தட்டை உருவி எடுத்து, அன்ரனுடையதைப் பக்கத்தில் வைத்து ஊசி, தடிப்பு, மின்னழுத்தம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். கருகிய பலகையோடு சேர்ந்து அன்ரனின் தட்டும் பழுதாகியிருந்தால் அவருடைய கணினியும் எரியும். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"உம்மடையும் போச்செண்டால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போகலாம். அதுக்குத்தானே பார்க்கிறன்." மறுபடியும் பார்த்தார். "பொருந்தும். ஆனா எவ்வளவு நேரம் ஓடும் எண்டு ஆராலையும் சொல்ல ஏலாது."

அன்ரனின் தட்டைத் தன் கணினிக்குள் பூட்டி, ஒரு சீடி இறுவட்டைப் போட்டு, அதிலிருந்தே கணினியை இயக்கினார். தட்டு அடித்து அடித்துச் சுழன்றது. படங்கள் திரையில் வந்தன. திரேசம்மா எழுந்து நின்றார்.

"அவன்ரை முகத்தைக் காட்டு பிள்ளை."

கடல். கருவாடு காயும் பாய். பள்ளி உடுப்பில் மெற்றில்டா. திருநாள் கொடியேற்றம். வாசலில் படுத்திருக்கும் நாய். திரேசம்மா, திரேசம்மா, திரும்பவும் திரேசம்மா. எல்லாவற்றையும் எடுத்தவன் அன்ரன். எடுத்தவன் எதிலும் இல்லை.

யசிந்தா கையை நிறுத்தினார். "அம்மா, ஒவ்வொண்டாப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் போயிடும். முதல் எடுப்பம். பிறகு தேடுவம்."

திரேசம்மா தலையசைத்தார். யசிந்தா பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினார். நாங்கள் நால்வரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அது இடைவெளி விட்டது, மறுபடி தொடங்கியது, பிறகு நின்றது. ஆறவிட்டுப் போட்டுப் பார்த்தார். பக்கம் மாற்றிச் சாய்த்துப் பார்த்தார். அது மீண்டும் சுழலவேயில்லை.

மிஞ்சியதில் அவன் முகம் இல்லை. ஆனால் சிறிய வீடியோ ஒன்று இருந்தது. குசினியில் புகைக்குள் திரேசம்மா அடுப்பூதிக்கொண்டிருக்கிறார். "உனக்கு வேறை வேலை இல்லையே? அங்காலை போ," என்கிறார். படம் எடுப்பவன் சிரிக்கிறான். "அம்மா, ஒருக்கா இஞ்சை பாருங்கோ." அவ்வளவுதான். முடிந்துவிடுகிறது.

"நான் பார்க்கேல்லையே பிள்ளை," என்றார் திரேசம்மா. "அவன் கேட்டவன். நான் திரும்பிப் பார்க்கேல்லையே."

நான் வெளியே பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. யசிந்தா நகரவில்லை. கேட்ட போதெல்லாம் திரும்பப் போட்டுக் காட்டினார். கடைசியில் திரேசம்மா, "மிச்சம் வருமோ?" என்று கேட்டபோது, "இல்லை அம்மா. இனி வராது," என்றார். தேற்றுவதற்காக ஒரு 'பார்ப்பம்' கூடச் சொல்லவில்லை. பின்னேரப் படகில் அவர்கள் ஏறியபோது அவரும் ஏறினார். போக வர இராணுவத்திடம் பாஸ் எடுப்பதே பெரிய அலைச்சலான காலம். மறுநாள் திரும்பி வந்தவரிடம் ஏன் போனீர் என்று கேட்டேன்.

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டு ஆளைத் தனிய அனுப்பேலாது," என்றார். "சொன்னது நான்தானே. சொன்ன ஆள் எழும்பிப் போகக்கூடாது."

அடுத்த ஆண்டு அவருக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். பயண அனுமதி, கப்பல், இடம் என்று காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது பிந்திவிட்டது. திரும்பி வந்து, மாணவர்களுக்கு முன்னால் வைத்தே என்னிடம், "பரவியிட்டுதாம். இன்னும் கொஞ்ச நாள் படிப்பிப்பன்," என்றார். ஒரு பிள்ளை அழுதுகொண்டே, "எல்லாம் சரிவரும் ரீச்சர்," என்றாள். அவளைப் பக்கத்தில் இருத்தி, "சரிவராது பிள்ளை. ஆனா இண்டைக்கு வகுப்பு இருக்கு," என்றார். கை தளர்ந்து திருகாணி சுற்ற முடியாமல் போனபின்பும், நீங்கள் கழற்றிக் காட்ட அவர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒரே அண்ணன் குடும்பத்தோடு வன்னியில் இருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு எந்தத் தொடர்பும் இல்லை. கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் நான் போய் இருப்பேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, "அண்ணையைப் பற்றி ஏதும்?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அவர் பத்திரமாய்த்தான் இருப்பார்," என்றேன்.

"நீர் கண்டனீரோ?"

"இல்லை."

"கண்ட ஆரோடையும் கதைச்சனீரோ?"

"இல்லை."

"அப்ப சொல்லாதையும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசாமல் இரும். அது போதும்."

இருந்தேன். மருந்து கொடுக்க வந்த தாதி என்னை எழும்பச் சொல்லும்வரை இருந்தேன். அவருடைய அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று இதை எழுதும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தாலும், தங்கை இறந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

அடக்கத்துக்கு எழுவைதீவிலிருந்து மெற்றில்டா மட்டும் வந்தாள். தாயார் படுக்கையில் என்றாள். குழிக்கு மண் போட்டுவிட்டு, படகைப் பிடிக்க ஓடினாள்.

யசிந்தா எனக்கு எதைத் தந்துவிட்டுப் போனார் என்று பலரும் கேட்கிறார்கள். பொருளாக எதுவும் இல்லை. போன கிழமை பயிற்சி அறைக்கு ஒரு தகப்பன் வந்தார். கையில் பழைய மடிக்கணினி. வெளிநாட்டு உறவினர் யாரோ அனுப்பிய வன்தட்டு ஒன்றும் இருந்தது. கவிழ்த்தேன். எண்ணை வாசித்தேன். மூடியைக் கழற்றி, இரண்டு தட்டுகளின் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"இது இதுக்குப் பொருந்தாது அண்ணை," என்றேன்.

 தேற்றும் சொல் ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். எனக்கும் ஒன்று. இருவரும் இருந்தோம். அது யாருடைய கணினி என்று நான் கேட்கவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார்.