சம்பந்திக்குக் கொடுக்காத சோடா

செஞ்சி பேருந்து நிலையத்தை ஒட்டி மீனம்பாளின் சோடாக் கடை. நெஞ்சு கரிக்கிறது, வாயு அடைக்கிறது என்று வருகிறவர்களுக்கு உப்பும் எலுமிச்சையும் போட்ட சோடாதான் அந்த வட்டாரத்தில் முதல் வைத்தியம். விட்டால் கடைசி வைத்தியமும் அதுவாகிவிடும் என்பது மீனம்பாள் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கே நெஞ்சை அடைத்தபோது, கடை நம்முடையதுதானே என்று மூன்று சோடாவை அடுத்தடுத்து உடைத்துக் குடித்தாள். பெரிய ஏப்பம் வந்தது. அப்பாடா என்றவள் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டாள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ஸ்டென்ட் வைத்துத்தான் அவளை எழுப்பி உட்காரவைத்தார்கள்.

அன்றிலிருந்து வாயு என்று யார் வந்தாலும் உடனே மூடியைத் திறக்க மாட்டாள். "வேர்க்குதா? கை கொடையுதா? தாடை வலிக்குதா?" என்று கேட்பாள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள். சோடா விற்கிறவளே சோடா தர மாட்டேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? 'டாக்டரம்மா' என்று பேர் வைத்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை; உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் ஒரு சித்திரை மதியம் வந்து நின்றவர் சம்பந்தி ராஜாராம். மகள் நிலாவைத் தொண்டூரில் அவர் மகன் காமராஜுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷர்தான். மரியாதை விஷயத்தில் மட்டும் தொட்டால் சிணுங்கி. கல்யாணப் பந்தியில் அப்பளம் பிந்தி வந்ததை இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"வாயு புடிச்சிக்கிச்சி சம்பந்தி. உப்பு தூக்கலா ஒரு சோடா குடுங்க."

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் இடது கையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். மீனம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மாப்பிள்ளையின் அப்பா வாய்விட்டுக் கேட்டு இல்லை என்றால், அந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்கக் கேட்கப்போகிறவள் நிலா. கொடுத்தால், குடித்துவிட்டு ஏப்பம் விட்டபடி பஸ் ஏறிவிடுவார்.

"சோடா இல்ல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"அடுக்கி வெச்சிக்கினு இல்லன்றீங்களே?"

"உங்களுக்கு இல்ல."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜாராம் பக்கத்துக் கடைப் பக்கம் நடந்தார். "தனகோட்டி, அவருக்கு ஒண்ணும் குடுக்காத" என்று அங்கேயும் குரல் கொடுத்தாள். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு ஆட்டோவை மறித்து, சம்பந்தியின் கையைப் பிடித்து ஏற்றினாள். அந்த வெயிலிலும் கை ஜில்லிட்டிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ராஜாராம் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். சேதி கேட்டு நிலாவோடு ஓடி வந்த காமராஜிடம், "ஒரு சோடா கேட்டேன்டா. நாலு பேரு எதுர்ல இல்லன்னுட்டாங்க. இனிமே அந்த வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றார். நிலா அம்மாவைப் பார்த்த பார்வையில் மீனம்பாள் கூனிக்குறுகிப் போனாள். மகள் வாழ்க்கையில் தானே மண்ணள்ளிப் போட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

ஆனால் டாக்டர் சுமலதா அவரை விடவில்லை. "சுகர் இருக்குது, இப்பிடி வேர்க்குது. மொத தடவை தெரியலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. படுங்க, திரும்ப எடுக்கணும்."

திரும்ப எடுத்ததில் தெரிந்தது. மாரடைப்புதான். மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, ஆம்புலன்ஸில் முண்டியம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அடைப்பை எடுத்து அவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். மீனம்பாள் நன்றியை எதிர்பார்க்கவில்லை, ஆள் பிழைத்ததே போதும் என்றிருந்தது.

ஆவணியில் தொண்டூரில் நிலாவுக்கு வளைகாப்பு. கொஞ்சம் இளைத்துப்போன ராஜாராம் பந்தல் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் மீனம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவங்கதான் எங்க சம்பந்தி. வேர்த்து விறுவிறுத்துப் போயி நின்னேன், ஒரு வாய் சோடா குடுக்கலயே."

விஷயம் தெரியாத அனந்தபுரத்து உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனம்பாளுக்கு வெட்கமும் சந்தோஷமும் பொங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"முழுசா சொல்லுங்க மாமா, அம்மாவ தப்பா நெனச்சிக்கப் போறாங்க" என்றாள் கை நிறைய வளையலோடு இருந்த நிலா.

"நெனச்சிக்கட்டும்மா. அதுக்கு பயந்திருந்தா உங்கம்மா அன்னிக்கி சோடா குடுத்திருப்பாங்க."