பீலிக்குள்ள கிடந்த சூடைத் தலை

இல்ல மச்சி, ஆரோ உனக்குக் கதைய மாத்திச் சொல்லியிருக்காங்க. எஞ்சினியர் ஓடவும் இல்ல, நான் அவர அடிக்கவும் இல்ல. விளக்குமாறு கையில இருந்தது உண்மைதான். முத்தம் கூட்டிக்கிட்டு நிண்டவ அத எங்க கொண்டு வைக்கிற?

எனக்கு அந்த வீட்டு மேல தொடக்கத்துல இருந்தே சந்தேகம். மகன் புது வீடு கட்ட கொழும்பிலிருந்து இந்த எஞ்சினியரக் கூட்டி வந்தான். சுட்ட கல்லு வேணாமாம், மண்ண அமத்திச் செஞ்ச கல்லாம். நகத்தால சுரண்டிப் பார்த்தேன், துளி மண் உதிரல்ல. அதுவும் சந்தேகம்தான், மண்ணெண்டா உதிரணுமே? நான் தொழுகைக்கு ஒழு எடுக்கிற தண்ணி குழாய் வழியா வாழைக்குப் போகுது. வாழை என்னமோ நல்லாத்தான் குலை தள்ளியிருக்கு, உனக்கும் ஒரு சீப்புத் தாறன்.

ஆனா குடிக்கிற தண்ணியில நான் விடல்ல. கூரையில விழுற மழை பீலி வழியா ஓடி, பின்பக்கத்துச் சீமெந்துத் தாங்கியில நிறையும். அதத்தான் குடிக்கணுமாம். பேத்திக்கு ஆறு மாசம், கஞ்சி குடுக்கத் தொடங்குற நேரம். கிளினிக்ல இருக்கிற நர்ஸ் மிஸ்ஸி, "கிணத்துத் தண்ணியில வெங்காயத் தோட்டத்து உரம் இறங்கியிருக்கு, புள்ளைக்குக் குடுக்காதீங்க" எண்டுட்டா. நான் நாலு புள்ளைய அந்தத் தண்ணியிலதான் வளத்தேன். இருந்தாலும் கைப்புள்ள, பயம்தானே.

முதல் மழை பெஞ்சு விட்டுது. மருமகள் தாங்கிக் குழாயத் திறந்தா, மீன் நாத்தம்!

"நான் சொல்லல்லியா? மழையப் புடிச்சு அடைச்சு வெச்சா நாறாம என்ன செய்யும்?"

மருமகளுக்கு அழுகை வந்துட்டு. "இனி எந்தத் தண்ணியில மாமி கஞ்சி காச்சுற?"

மகன் போன் பண்ணி எஞ்சினியர வரவழைச்சான். வந்தவர நான் நல்லா ஏசினேன். அவர் ஏணிய வெச்சு ஏறி, பீலிக்குள்ள கைய விட்டார். எடுத்தது என்ன தெரியுமா? சூடை மீன் தலை. ஒரு கை நிறைய!

"உம்மா, இங்க மழையோட மீனும் விழுமா?" எண்டு கேட்டார் எஞ்சினியர்.

"ஏன் விழாது? மேகம் கடல்லருந்துதானே போகுது?" எண்டேன்.

அவர் மேல நிண்டபடியே தாங்கி மூடியப் பார்த்தார். அங்க என்ட கருவாடு காயுது. நல்ல தட்டைச் சீமெந்து மச்சி, வெயிலுக்குத் தோசைக்கல்லு மாதிரிச் சுடும். அப்பிடி ஒரு இடத்தச் சும்மா விடுவமா? காக்கா அதத் தூக்கிக் கூரையில வெச்சுத் தின்னுட்டு, தலையப் பீலிக்குள்ள போட்டிருக்கு. தலை மட்டுமா, மத்ததையும்தான்!

மகன் சிரிச்ச சிரிப்பு! நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய? தாங்கியக் கழுவி, கருவாட்ட வேலியோரம் மாத்தினம். கூரையக் கழுவிட்டு வாற முதல் தண்ணிய வெளிய விடுறதுக்கு ஒரு தனிக் குழாய் இருக்குதாம். அது இவ்வளவு நாளும் பூட்டியே கிடந்திருக்கு. எப்பிடித் திறக்கிற எண்டு எஞ்சினியர் எனக்குத்தான் காட்டித் தந்தார்.

அடுத்த மழைத் தண்ணிய முதல்ல நான்தான் குடிச்சேன். மூணு நாள் என்ட வயித்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒண்டும் ஆகல்ல. பிறகுதான் புள்ளைக்குக் கஞ்சி. சப்புக்கொட்டிக் குடிக்கிறா.

எண்டாலும் நான் இன்னும் முழுசா நம்பல்ல. அந்தக் காக்கா... இரு, இது இடியா? மகன் கடலுக்குப் போயிட்டான், மருமகள் புள்ளையத் தூங்க வைக்கிறா. முதல் தண்ணி உள்ள போயிட்டா எல்லாம் பாழ். விடு மச்சி, நான் போய்க் குழாயத் திறக்கணும்.