படி தாண்டாத ஆமைக்குஞ்சுகள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், பொன்னுத்துரை வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள் இராஜேஸ்வரி. கணவன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கம்பளையிலிருந்து ஒரு தையல் மெஷினோடு ரயிலேறி வந்தவள். அக்கம்பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தது அவள்தான். ஆனால் அதே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அவர்கள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிடக் கூடாது. தைத்த கையில் இல்லாத அபசகுனம் முகத்தில் மட்டும் எப்படி ஒட்டியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

1934இல் பின்சுவர் பூசுவதற்காகப் பொன்னுத்துரை மணல் வாங்கினார். தம்புள்ளைப் பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்தவர் மடவளை ஹுஸைன். மிஞ்சிய மணல் மழையில் கரையாதிருக்க, அதை இராஜேஸ்வரியின் அறை மூலையில் குவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அந்த மணல் அசைந்தது. உள்ளேயிருந்து ஐந்து குஞ்சுகள் வந்தன. ஒவ்வொன்றும் பாக்கைவிடச் சற்றுப் பெரிது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள்.

பொன்னுத்துரை தலையில் கை வைத்தார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"ஐயோ, ஆமையோ! இந்த வீடு விளங்குமோ? இண்டைக்கே ஆத்திலை விட்டிடும், பிள்ளை."

"ஆத்துல விட்டா செத்துருங்க ஐயா. இது நீந்துற சாதி இல்ல, நடக்குற சாதி."

"எங்கையெண்டாலும் விடும். ஆமை வீட்டுக்கை வரக்கூடாது."

"ஆமை எங்க வந்துச்சு? முட்டைதான் வந்துச்சு. அதுவும் நீங்க வாங்குன மணல்ல. இதுங்க இங்கேயே பொறந்ததுங்க."

பொன்னுத்துரை குழம்பிப்போய்ச் சோதிடரிடம் ஓடினார். தீர்ப்போடு திரும்பினார்: உள்ளே பிறந்தது உள்ளே வந்ததாகாது, அதனால் குஞ்சுகள் இங்கேயே இருக்கலாம். ஆனால் ஒருமுறை படியைத் தாண்டி வெளியே போய்த் திரும்பினால் அது வருகைதான். அப்படி நடந்தால் ஆமைகளோடு இராஜேஸ்வரியும் கிளம்பவேண்டியதுதான்.

அந்தச் சோதிடர் ஆமை வளர்த்தவரல்லர். காலையில் வெதுவெதுப்பான நீரைத் தட்டையான சட்டியில் விரல்கனம் ஊற்றி, குஞ்சுகளை அதில் ஊறவிட்டாள் இராஜேஸ்வரி. வல்லாரையையும் செம்பருத்திப் பூவையும் பொடியாக அரிந்து வைத்தாள். நன்றாகத்தான் தின்றன. ஆனாலும் மூன்று வாரத்தில் எல்லாவற்றிலும் சிறியதன் ஓடு விரல் பட்டால் அமுங்கியது.

அடுத்த முறை வண்டியோடு வந்த ஹுஸைன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயில் காட்டோணும் தங்கச்சி. இல்லாட்டி ஓடு இறுகாது, மௌத்தாகிடும்."

வெயில் முற்றத்தில் கிடந்தது. நடுவில் ஒரு சாண் உயரப் படி.

இராஜேஸ்வரி படியைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். தையல் மேசைமேல் ஏறிப் பன்னிரண்டு ஓடுகளைக் கழற்றி இறக்கினாள். வெயில் ஒரு சதுரமாகத் தரையில் விழுந்தது. அது நகர நகரச் சட்டியையும் நகர்த்தினாள்.

நாலாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்திலிருந்து அண்ணாந்த பொன்னுத்துரை அலறினார்.

"என்ரை கூரை! மூடும், பிள்ளை, மூடும்!"

"மூடுறேங்க. அப்ப வெயிலுக்கு இதுங்கள முத்தத்துக்குக் கொண்டு போகவா? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க ஐயா."

குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சோதிடரிடம் ஓடினார். நனைந்து, ஆனால் முகம் மலர்ந்து வந்தார்.

"காலாலை நடந்து வந்தால்தான் குற்றமாம். சட்டியிலை வைச்சுத் தூக்கி வந்தால் ஒண்டுமில்லையாம்."

ஒரு மாதத்தில் இரண்டு தீர்ப்பு. இடையில் கிரகம் எதுவும் இடம் மாறவில்லை. கூரை ஒழுகியது, அவ்வளவுதான்.

இராஜேஸ்வரி சிரித்தாள். "அப்ப அடுத்த கல்யாணத்துக்கு என்னையும் ஒரு அண்டாவுல வச்சுத் தூக்கிட்டுப் போங்க ஐயா. நானும் காலு படாம வாறேன்."

பொன்னுத்துரை குடையை மடக்கி மூலையில் வைத்தார். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

தை பிறந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்த நேரம் பார்த்து மழை தூறியது. குஞ்சுகள் முற்றத்தில் இருந்தன. இராஜேஸ்வரி ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் சேறாக இருந்ததால், முன்வாசல் வழியாகவே வந்தாள். நேர் எதிரே மாப்பிள்ளை. இப்போது ஓடு கல்லாக இறுகிவிட்ட அந்தச் சிறிய குஞ்சு சட்டி விளிம்பில் ஏறி வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"கவனம், பிள்ளை! கால் பட்டிடும்!" என்று கத்தினார் பொன்னுத்துரை.

கூட்டம் முழுவதும் அந்தக் குஞ்சின் காலையே பார்த்தது. அவளை ஒதுங்கச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.