சிவப்புப் புள்ளிக் கல்

காட்டாங்குளத்தூரில் மகளின் கல்லூரிக் கண்காட்சி. மேசைமேல் இருந்த கல்லைக் கையில் எடுத்ததுமே அந்தக் கனம் தெரிந்துவிட்டது. பச்சைக் கல்லில் சிவப்புப் புள்ளிகள்.

என் அப்பாவுக்கு நிலவியல் துறையில் வேலை. இரண்டு மாதம் லடாக்கில் இருந்துவிட்டு, இதே மாதிரிக் கல்லைப் பனியனில் சுற்றித் தாம்பரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பூமிக்குள்ள நூறு கிலோமீட்டர் போயிட்டு மேல வந்த கல்லு" என்றார்.

அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். "பல்லாவரம் குவாரியில லாரி லாரியா கெடக்குது. ரெண்டு மாசம் நிஜமா எங்க இருந்தீங்க?"

பிறகு அது மாவுப் பாத்திரத்து மூடிமேல் ஏறியது. அப்பா வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அம்மா அதை ஒரு பார்வை பார்ப்பாள்.

எனக்கும் சந்தேகம்தான். ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போட்டு, கல்லோடு குவாரிக்குப் போய் ஒப்பிட்டேன். அங்கே எல்லாம் கருங்கல். ஒன்றில்கூடச் சிவப்புப் புள்ளி இல்லை. திரும்பி வந்தபோது, கல்லை ஒளித்துவைத்தது அப்பாதான் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். குவாரிக்குப் போனது தெரிந்தால் அடி விழும். அம்மா பார்க்காத நேரத்தில் கல்லைப் பழையபடி மூடிமேல் வைத்தேன்.

"கடலடித் தரை இன்னொரு நிலத்துக்கு அடியில போய், அழுத்தத்துல இப்படி மாறித் திரும்ப மேல வருது. நம்ப முடியல இல்ல, ஆன்ட்டி?" என்றான் கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்ற மகளின் வகுப்புத் தோழன்.

"எட்டாம் கிளாஸ்லயே நம்பிட்டேன்பா. எங்கம்மாகிட்டதான் சொல்லல."