அத்தைக்குச் சொன்ன பதில்

லண்டன் கிங்ஸ்பரியில் தமிழ்க் கடையொன்றின் கல்லாவில் நிற்கும் ஹோதானுக்கு, "ஓம் அண்ணை, வாறன்" என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வெட்கக்கேடு, சொந்த மொழியான சோமாலிதான் வாயில் வராது.

முதன்முறையாக அப்பாவின் ஊரான ஹர்கெய்சா போனபோது அத்தை அவள் கையை விடாமல் மணிக்கணக்கில் பேசினாள். சாகும்போதும் "அக்கா, அக்கா" என்று புலம்பிய அப்பாவின் அதே அக்கா. ஹோதான் சிரித்தபடி எல்லாவற்றுக்கும் "ஹா" என்றாள். ஆம் என்று சொல்ல மட்டுந்தான் தெரியும். பேச்சைப் போனில் பதிந்துகொண்டாள்.

லண்டன் திரும்பியதும் சனிக்கிழமை தவறாமல் சோமாலி வகுப்புக்குப் போனாள். மறுவருடம் அத்தை இறந்த செய்தி வந்தபோது அந்தப் பதிவைப் போட்டாள். இப்போது விளங்கியது.

"உன் அப்பன் கடைசிவரை என்மேல் கோபமாகத்தான் இருந்தானா?"

சிரிப்போடு அவளுடைய "ஹா" கேட்டது. அதற்குப் பிறகு பதிவில் அத்தையின் குரலே இல்லை.