சாட்சி நேரத்தில் படித்த பட்டியல்

புளித்த கோமியத்தில் வேப்பிலையும் எருக்கும் நொச்சியும் இடித்துப் போட்டு, பத்து நாள் மூடிவைத்துத் திறந்தால் ஒரு வாடை எழும்பும். ஒருமுறை முகர்ந்தவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எங்கள் வேதபாட அறையின் கீழ்ப்புற ஜன்னலுக்கு வெளியேதான் அந்த நீல நிறப் பீப்பாய் நின்றது. யாராவது கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கி முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் காற்று திரும்பிவிடும். ஆமென் சொல்லும்வரை மூக்கைப் பொத்தாமல் இருப்பவன்தான் மெய்யான சீஷன் என்று, பயிற்சிக்கு வந்தவர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பாதையில், கரிசல் மண்ணில், பத்து ஏக்கர் பண்ணை அது. ஊழியம் செய்ய விரும்பும் இளைஞர்களும் பெண்களும் ஆண்டுக்கு இருபது பேர் ஜூன் மாதத்தில் வந்து சேர்வார்கள். காலையில் வேதபாடம், பிரசங்கம் தயாரிக்கும் முறை, வீடு சந்திப்பு. பிற்பகலில் மண்புழு உரம், சருகு பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு, பூச்சிவிரட்டி, விதை சேமிப்பு. படிப்பு முடிந்து ஏதோ ஒரு கிராமத்துக்குப் போகிறவர், காணிக்கையை எதிர்பார்க்காமல் அரை ஏக்கரில் தானும் பிழைத்து, பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் விஷமில்லாத விவசாயத்தைக் காட்டித்தர வேண்டும் என்பது பண்ணையை நடத்திய பாஸ்டர் ஐயாவின் எண்ணம். "பிரசங்கம் பண்றவன் நகத்துல மண்ணு இருக்கணும்" என்று அடிக்கடி சொல்வார். சுற்றுவட்டாரத்தில் எங்களுக்கு "அல்லேலூயா பண்ணை" என்று பெயர். பஸ் கண்டக்டர்கூட அப்படிச் சொல்லித்தான் விசில் ஊதுவார்.

அப்பா அந்தப் பண்ணையின் பொறுப்பாளர். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் சொல்ல வருவது 2003 வாக்கில், நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டைப் பற்றி.

எனக்கு அப்போதே பட்டியல் எழுதும் பழக்கம் இருந்தது. வீட்டுப் பாத்திரங்கள், பண்ணை மாடுகள், ஸ்கூல் பஸ்ஸில் வருபவர்கள் என்று எதையும் வரிசை எண் போட்டு எழுதிவைப்பேன். இதைக் கவனித்த பாஸ்டர் ஐயா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி உண்டு. ஆண்டு முழுவதும் அது அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருபது பாத்தியையும் சுற்றிப் பார்த்து, தண்ணீர், களை, மூடாக்கு, பூச்சி என்ற நான்கு கட்டங்களில் நான் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதாக ஒரு கட்டம், "குறிப்பு". அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் "சாட்சி நேரம்". எல்லாரும் பாத்தி பாத்தியாக நடந்து போவோம். பாத்திக்கு உரியவர் வரப்பில் நின்று அந்த வாரம் பயிரிலும் மனதிலும் நடந்ததைச் சொல்வார். இதற்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒருவரிடம் குற்றம் கண்டால், சபை முன் சொல்வதற்கு முன்பு அவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டும். வேதத்தில் உள்ளபடியே அமைத்த விதி. அந்த வசனத்தைப் பிசகாமல் ஒப்பித்து ஞாயிறு பள்ளியில் நான் ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். இரண்டாவது விதி பாஸ்டர் ஐயா போட்டது. தன் தப்பை ஒப்புக்கொள்கிறவர் "ஆனா" என்று தொடங்கி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. "‘ஆனா’ வந்துட்டா பாவ அறிக்கை போயிடும், வக்காலத்து வந்துடும்" என்பார்.

அந்த ஆண்டு பதினோராம் பாத்தி சாந்தி அக்காவுடையது. ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், பத்தாவது முடித்து ஐந்தாறு வருஷம் முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவர். முந்திரிக் கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவருடைய விரல்கள் நுனி வரை கறுத்துப் போயிருந்தன. முதல் நாள் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "என்ன தாசில்தாரம்மா, இதையும் லிஸ்ட்டுல எழுதணுமா? எழுதிக்கங்க. பாவங்கூடக் கழுவுனா போயிடும், இது போவ மாட்டேங்குது" என்று சிரித்தார். அப்பா இல்லாத வீடு, அண்ணன் சம்பாத்தியம். "ஒரு வருஷம் வுடுறேன். முடிச்சு சர்ட்டிபிகேட்டோட வந்தா ஒன் இஷ்டம், ஊழியத்துக்குப் போ. பாதியில வந்தா மறுபடி முந்திரிக் கொட்டாதான், அப்புறம் பேச்சே கிடையாது" என்று சொல்லித்தான் அண்ணன் அனுப்பியிருந்தார். இதைச் சாந்தி அக்கா எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அதனால் எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

பண்ணையின் தெற்கு வேலியை ஒட்டி பூவாயி அக்காவின் பருத்திக் கொல்லை. அவர் புருஷன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பூவாயி அக்காவுக்கு அப்போது ஏழு மாசம். அந்த நேரம் பார்த்துப் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. சாந்தி அக்கா எங்கள் பீப்பாயிலிருந்து இரண்டு குடம் பூச்சிவிரட்டிக் கரைசல் எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்று தெளிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். பூவாயி அக்கா ஏற்கவில்லை. "ஒங்க சாமித் தண்ணிய நீங்களே வெச்சுக்கங்க தாயி. அது நாளு பாத்து வேல செய்யறதுக்குள்ள புழு என் கொல்லைய தின்னுட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பத்தாம் பாத்தியை முடித்துவிட்டு நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. பூவாயி அக்கா "மருந்து டேங்க்"கை முதுகில் மாட்டிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுக்கு மேலே வார் எட்டவில்லை. சாந்தி அக்கா வேலியைத் தாண்டி ஓடினார்.

"ஒனக்கென்ன கிறுக்கா? வயித்துப் புள்ளயோட வெஷத்த முதுகுல தூக்குறியே!"

"வேற யாரு வருவா? ஒங்க பாஸ்டர் வந்து அடிப்பாரா? கூலிக்கும் ஆளு கெடைக்கல. வுடு புள்ள."

"கழட்டுக்கா. மொதல்ல கழட்டு. தள்ளிப் போயி அந்த மேட்டுல ஒக்காரு. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கட்டிக்கொண்டு, டேங்க்கை மாட்டி, இருட்டுவதற்குள் கொல்லை முழுக்க சாந்தி அக்காவே அடித்து முடித்தார். ஜூன் மாதம் சேர்ந்த அன்று இருபது பேரும் மண்ணில் கைவைத்து, விஷத்தைத் தொடமாட்டோம் என்று பொருத்தனை செய்திருந்தார்கள். அது தெரிந்தேதான் அடித்தார். நான் நின்றேன், பார்த்தேன், கேட்டேன். பிறகு என் நோட்டில் பதினோராம் வரிசையில், காலியாக இருந்த ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்: மருந்து அடித்தார், செவ்வாய்.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. புதன்கிழமை சாந்தி அக்காதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். வியாழக்கிழமை கணக்கு வீட்டுப்பாடத்துக்கு உதவினார். தனியாகப் பேச வேண்டும் என்ற விதிக்கு இதைவிடத் தனிமை தேவையில்லை. நான் பேசவில்லை. எழுதியது எழுதியதுதான் என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை திருச்சியிலிருந்து ஒரு சபையார் பண்ணையைப் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வெங்காயப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் மருந்தில்லாமத்தானா? நெசமாவா?" என்றார். பாஸ்டர் ஐயா சிரித்தார். "எங்ககிட்ட ஒரு இன்ஸ்பெக்டரம்மா இருக்காங்க, அவங்க கண்ணுல எதுவும் தப்பாது. பாப்பா, இந்த வாரத்தத படி."

நான் படித்தேன். ஒன்றாம் பாத்தியிலிருந்து வரிசையாக, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கும் குரலில் படித்தேன். விருந்தாளிகள் என்னைப் பார்த்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் பாத்திக்கு வரும்போதே அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். "பதினோராம் பாத்தி, சாந்தி அக்கா. தண்ணீர் சரி. களை சரி. மூடாக்கு சரி. பூச்சி இல்லை. குறிப்பு, மருந்து அடித்தார், செவ்வாய்."

எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அது பதினோராம் பாத்தியின் வரிசையில் இருந்தது. கேட்டவர்களுக்கு அவர் தன் வெங்காயத்துக்கே திருட்டுத்தனமாக அடித்ததாகத்தான் படும். எந்தக் கொல்லையில், யாருக்காக என்று நான் எழுதவில்லை.

"சிஸ்டர், அடிச்சீங்களா?" என்றார் பாஸ்டர் ஐயா.

"ஆமாங்கய்யா. அடிச்சேன்."

அவ்வளவுதான். அடுத்து ஒரு "ஆனா" வந்திருக்க வேண்டும். விதியை மதித்து சாந்தி அக்கா அதைச் சொல்லவில்லை. தானே போட்ட விதி என்பதால் பாஸ்டர் ஐயாவும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த "ஆனா"வைச் சொல்ல அங்கே எந்தத் தடையும் இல்லாத ஒரே ஆள் நான். என் கையில் நோட்டு இருந்தது, என் மேல் எல்லார் கண்ணும் இருந்தது. நான் பன்னிரண்டாம் பாத்தியைப் படிக்கத் தொடங்கினேன்.

"இந்த வருஷம் போவட்டும்மா, அடுத்த ஜூன்ல வா" என்று பாஸ்டர் ஐயா ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சொன்னாராம். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் சாந்தி அக்கா போய்விட்டார். நான் எழுந்திருக்கும் முன்பே.

அன்று மாலை அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். "அவ வெங்காயத்துல ஒரு பூச்சிகூட இல்லியே, எதுக்கு மருந்தடிச்சா?" நான் சொன்னேன். அம்மாவின் கை புளித்தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"ம்."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா."

அம்மா என்னை அடிக்கவில்லை. ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து பாஸ்டர் ஐயா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர், "நானும் கேக்கலியே பாப்பா" என்றார். மறுநாளே பைக்கில் ஜெயங்கொண்டம் பக்கம் போனார். சாந்தி அக்காவின் அண்ணன் மரியாதையாகக் காப்பி கொடுத்திருக்கிறார். "தப்பு பண்ணினான்னு அனுப்புனீங்க. இன்னிக்கு இல்லன்னு வந்து கூப்புடுறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்? அவ கொட்டாவுக்குப் போயிட்டா." பாஸ்டர் ஐயா திரும்பி வந்து, அடுத்த சாட்சி நேரத்தில் தன் தப்பைத் தானே சொன்னார். "ஆனா" போடாமல்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த விதி இல்லை.

பத்து நாள் கழித்து பூவாயி அக்கா வேலிக்கு வந்தார். "எங்க அந்தக் கருத்த வெரல் புள்ள? கண்ணுலயே காணும்?" என்று கேட்டார். நான் சொன்னதும், "அடிப் பாவி! என்னைய ஒரு கொரல் கூப்புட்டிருந்தா நான் வந்து ஒங்க பாஸ்டர நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேட்டிருப்பேனே" என்றார். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். தை மாதக் கடைசியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கால் சரியான புருஷன் குழந்தையை எங்கள் வேலியோரம் தூக்கிவந்து காட்டினார்.

2007-இல் பாஸ்டர் ஐயா உடம்பு முடியாமல் போன பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. அப்பாவுக்குத் திருச்சியில் வேறு வேலை கிடைத்தது. நிலம் கைமாறி, அதற்கடுத்த சில வருஷங்களில் சுண்ணாம்புக்கல் எடுக்கும் குழியின் ஒரு பகுதியாகிவிட்டது. அளவுகருவிகளைச் சரிபார்ப்பது இப்போது என் தொழில். வேலையாக அரியலூர் போனபோது ஒருமுறை அங்கே இறங்கிப் பார்த்தேன். வேதபாட அறை இல்லை, மாட்டுக் கொட்டகை இல்லை, பூவாயி அக்காவின் கொல்லையும் இல்லை. கம்பி வேலிக்கு அப்பால் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். பதினோராம் பாத்தி இருந்த இடத்தில் நிற்க முடியாது. அது வெறும் காற்றாக இருக்கிறது.

அன்றே ஜெயங்கொண்டம் போய் விசாரித்தேன். அண்ணன் வீடு கிடைத்தது. சாந்தி அக்கா கல்யாணமாகித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி, போன் நம்பரும் கொடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று நான்கு குறிப்புகள் எழுதிவைத்துக்கொண்டுதான் அழைத்தேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம். நான் யாரென்று சொன்னதும் ஒரு நொடி தயங்கி, "அட, தாசில்தாரம்மாவா!" என்றார். குரலில் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் முதல் குறிப்பைத் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்.

"ஏன் பாப்பா, அந்தப் பூவாயி அக்காவுக்கு நல்லபடியா பொறந்துச்சா? அன்னிக்குக் காத்து வேற அந்தப் பக்கம் அடிச்சுது. ரொம்ப நாளு எனக்கு அதே நெனப்பு."

"பொறந்துச்சுக்கா. பொண்ணு. நல்லா இருந்துச்சு."

"அப்ப சரி" என்றார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

அத்தனை வருஷமாக அந்தச் சேதி என்னிடம்தான் இருந்தது. ஒரு தபால் அட்டை போதும். எழுதி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.