எனங்காவுக்குக் கிடைத்த பிள்ளைப்பேற்றுப் பணம்

மோலிக்கோ கடைத்தெருவில் எண்ணெயில் பொரித்த பஃப்-பஃப் மாவு உருண்டையும் அவரைக் குழம்பும் விற்கிற லிமுங்காவைத் தெரியாதவர் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த எஃபோசிக்குக் கடைசி மகள். அந்த எஃபோசியின் தங்கச்சிதான் இரண்டு தடவை இரட்டைப் பிள்ளை பெற்றவள். லிமுங்காவின் இரண்டாவது பெண் எனங்கா. எட்டு வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டாள். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. அம்மா கத்தினாள். "மிஞ்சினா என்னம்மா, பாடுதுல்ல?" என்றாள் இவள். அன்றிலிருந்து இந்தப் பெண் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் முடித்ததும் புரோகிராம் எழுதப் படித்தாள். டுவாலா பட்டணத்தில் இருக்கும் அண்ணன் ஒரு பழைய லேப்டாப் வாங்கி அனுப்பினான். முயேயாவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற தாபே, இவளை நம்பி முதல் வேலை கொடுத்தார். கோழி வேண்டுகிறவர்கள் போனிலேயே ஆர்டர் போட ஒரு இணையப் பக்கம் வேண்டும். "மாசக் கடைசிக்குள்ள குடுத்துடு தாயி. இல்லேன்னா செஞ்சு குடுக்க டுவாலாவுல வேற ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லியும் விட்டார்.

எனங்காவுக்குத் துணை ஏஐதான். கேட்டால் எழுதித் தரும், தப்பைக் காட்டும். ஆனால் காசில்லாமல் அது தருவது கொஞ்சம். பாதி வேலையில், அளவு முடிந்தது, பிறகு வா என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து லிமுங்கா கேட்டாள். "என்னடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வாய மூடிக்கிச்சும்மா. சாயங்காலம்தான் திறக்கும்."

"காசு வாங்காம இவ்வளவு பேசுச்சே, அதுவே பெரிசு. உங்க சித்தப்பன் காசு வாங்கிட்டும் பேச மாட்டான்."

மாதச் சந்தா கட்டினால் நாள் பூராவும் பேசும். சந்தா டாலரில். நம் பிராங்கில் பார்த்தால் அரை மூட்டை மாவின் விலை. அரை மூட்டை மாவு இல்லாமல் லிமுங்கா எப்படி அடுப்பு மூட்டுவாள்?

எனங்கா நேரே ஞாயிற்றுக்கிழமை ஞாங்கிக்குப் போனாள். ஞாங்கி என்றால் பெண்கள் கூடிப் போடும் சீட்டுதான். சீட்டு முறைப்படிதான் போகும், அதில் யாரும் கை வைக்க முடியாது. தனியாக ஒரு கஷ்டப்பெட்டி உண்டு. சாவு, நோவு, பிள்ளைப்பேறு, இந்த மூன்றுக்கு மட்டும் அது திறக்கும். சாவி பழந்துணி வியாபாரம் செய்யும் தலைவி நமொண்டோவின் இடுப்பில்.

"அத்தைமாரே, பெட்டியிலேருந்து எனக்குக் கொஞ்சம் வேணும்."

"யாருடி செத்தது?" என்றாள் பெசெம். கீரை விற்கிறவள், நாக்கு அரிவாள்.

"யாரும் சாகல அத்தை."

"நோவா?"

"நோவும் இல்ல."

"அப்ப வயித்துல ஏதாச்சும்…"

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று லிமுங்கா எழுந்தே விட்டாள். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று.

தாபேயின் பக்கத்தைப் பெற்றெடுக்க ஏஐ கூடவே இருந்தாக வேண்டும், அதற்குத்தான் சந்தா என்று எனங்கா எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். பெசெம் கையைத் தட்டினாள். "அப்ப மருத்துவச்சிக்குக் கூலி கேக்குறேன்னு சொல்லு!"

"ஆமா அத்தை, பிள்ளைப்பேறுன்னே வச்சுக்கோங்க."

நமொண்டோ மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைப்பேறுன்னா சட்டம் தெரியும்ல? பிள்ளையக் கொண்டாந்து காட்டினாத்தான் பெட்டி திறக்கும். வயித்துல இருக்குறதுக்குக் குடுத்த வழக்கமே இல்ல. என் மூத்தவளுக்கே குடுக்கல."

ஆக, அடுத்த ஞாயிற்றுக்குள் எதையாவது பெற்றாக வேண்டும். தாபேயின் கோழிப் பக்கம் பெரிய பிள்ளை, ஓசி அளவில் அடங்காது. எனங்கா யோசித்து, அம்மாவின் உருண்டைக்கு ஒரு சின்னப் பக்கம் போதும் என்று முடிவு செய்தாள். காலையில் கிடைப்பதைக் காலையில், சாயங்காலம் கிடைப்பதைச் சாயங்காலம் என்று வாரம் முழுக்கச் சேர்த்துச் சேர்த்து எழுதினாள். என்ன கேட்பது என்று மாவு பிசையும்போதே மனசுக்குள் கட்டி வைத்துக்கொள்வாள், ஒரு கேள்விகூட வீணாகக் கூடாதே.

ஞாயிறன்று லேப்டாப்பைத் துணியில் சுற்றி, பிள்ளையைப் போலவே மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். பெசெம் தன் போனில் பத்து உருண்டை கேட்டாள். லிமுங்காவின் போன் கூவியது. எடுத்துப் பார்த்தால் ஒன்று என்று இருந்தது.

"பத்து கேட்டா ஒண்ணு வருது! அச்சு அசல் உங்கம்மா கஞ்சக் கைதாண்டி!"

"யாரு கைய சொல்ற? போன வாரம் கடன் சொல்லித் தின்னியே, அந்தக் கையையா?" என்று லிமுங்கா பாய்ந்தாள்.

எனங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாபேயும் போனார், பெட்டியும் போச்சு என்று நின்றாள். நமொண்டோ அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கத்துச்சுல்ல?"

"எது அத்தை?"

"உங்கம்மா போன். கத்துச்சுன்னா உசுரு இருக்கு. குறைமாசப் பிள்ளை எடை கம்மியாத்தான் இருக்கும். தேறிடும்."

சாவி இடுப்பிலிருந்து வந்தது. பெட்டி திறந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் செய்வதைப் போலப் பெண்கள் எழுந்து பாடி ஆடினார்கள், ஒருத்தி கழுத்தில் ஒருத்தி பவுடர் பூசினார்கள். தாய்க்குப் பூசினார்கள். பிறகு பிள்ளைக்கும்.

"ஐயோ அத்தை, பட்டன்ல போடாதீங்க!"

அதற்குள் பெசெம் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

"பிள்ளை வீட்டுச் சாப்பாடு பாக்கி இருக்கு, மறந்துடாத" என்றாள் நமொண்டோ.

அன்றே சந்தா கட்டினாள் எனங்கா. மாதம் முடியுமுன் தாபேயின் பக்கம் தயார். பத்து கேட்டால் பத்தே வந்தது. தாபே பாதியைக் காசாகவும் மீதியைக் காலைக் கட்டிய கோழிகளாகவும் கொடுத்தார். காசிலிருந்து அடுத்த மாதச் சந்தாவை, அம்மாவின் மாவு மூட்டையின் கண்ணில் படுமுன் எடுத்து ஒதுக்கினாள். கோழிகள் வாழைக்காயோடு வெந்து ஞாங்கிக்குப் போயின. எலும்பைக் கடித்துக்கொண்டே பெசெம், "அடுத்த பிள்ளை எப்போடி?" என்று கேட்டாள்.

பவுடர் இன்னும் அந்த லேப்டாப்பில் இருக்கிறது. அவள் பேரின் முதல் எழுத்துப் பட்டனே ஒட்டிக்கொள்கிறது. கழற்றித் துடைத்துத் தருகிறேன் என்று கடைக்காரன் சொன்னான். இவள் கொடுக்கவில்லை.

"ஒட்டினா என்ன? அழுத்தினா எழுதுதுல்ல?"